வெட்டிய இரைப்பையில் பித்தமும் கிருமியும்



கடந்த மாதம் எமது வானொலியின் நலவாழ்வு நேரத்தில் நான் பேசியதை எழுத்தில் தரும்படி சிலர் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டார்களாம். அன்றைக்கு நேரம் போதாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் மருத்துவர் அல்ல. அவுஸ்திரேலியாவில் 22 ஆண்டுகள் எண்டொஸ்கோப்பிப் பிரிவில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். குழாயை விடுபவர் மருத்துவர். பக்கத்தில் நின்று நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, திரையில் தெரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். அந்த அளவில்தான் என்னுடைய அறிவு.

இந்தப் பேச்சுக்குக் காரணம் ஒரு நேயர். நிகழ்ச்சி முடிந்த பிறகு நிலையத்துக்கு அழைப்பு எடுத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"தங்கச்சி, மனுசிக்கு வயித்துக் கான்சர் எண்டு முக்கால்வாசி வெட்டியாச்சு. இப்ப ரிப்போர்ட்டிலை அந்தக் கிருமி இருக்கு எண்டு எழுதியிருக்கினம். விடியக்காலமை பச்சையாய்ச் சத்தியும் எடுக்கிறா. வெட்டின பிறகும் கிருமி எங்கையிருந்து வந்தது? பித்தம் ஏன் மேலை வருது? கான்சர் திரும்பி வந்திட்டுதோ?"

மூன்று கேள்விகள். மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை. கடைசிக் கேள்விதான் அவருடைய உண்மையான கேள்வி என்பது குரலிலேயே தெரிந்தது.

பித்தத்தில் இருந்து தொடங்குவோம். எங்கள் வீடுகளில் பித்தம் என்ற சொல்லுக்குப் பொருள் அதிகம். தலை சுற்றினால் பித்தம், வாய் கசந்தால் பித்தம், கோபம் வந்தாலும் பித்தம். இந்தச் சொல் வைத்தியசாலையில் எவ்வளவு குழப்பத்தை உண்டாக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஓர் அம்மா "பித்தமாய் வருது" என்று சொல்ல, மொழிபெயர்க்க வந்த பிள்ளை அதைத் தலைச்சுற்று என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். உண்மையில் அந்த அம்மா வாந்தியில் வந்த மஞ்சள் தண்ணீரைச் சொல்லியிருந்தார். நான் பேசப்போவது அந்த மஞ்சள், பச்சைத் தண்ணீரை. ஈரல் ஒரு நாளைக்கு அரை லீற்றரில் இருந்து ஒரு லீற்றர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அது பித்தப்பையில் கொஞ்ச நேரம் தங்கி, சாப்பாடு வந்ததும் முன்சிறுகுடலுக்குள் கொட்டுகிறது. சதையியின் சாறும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் வந்து சேருகிறது. கொழுப்பைக் கரைப்பது பித்தநீரின் வேலை. சவர்க்காரம் எண்ணெயைக் கழுவுவது போலத்தான். குடலின் உட்சுவர் இதைத் தாங்கும். இரைப்பையின் உட்சுவர் தாங்காது.

இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் இடையில் தசையால் ஆன ஒரு வாசல் இருக்கிறது. சாப்பாட்டைச் சிறிது சிறிதாகக் கீழே விடுவதும், கீழே இருப்பதை மேலே வரவிடாமல் மறிப்பதும் அதன் வேலை. ஆரோக்கியமான ஒருவருக்கும் சில வேளைகளில் கொஞ்சம் பித்தம் மேலே கசியத்தான் செய்யும், அதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புற்று வந்தால், சத்திரசிகிச்சையில் அந்த வாசலும் சேர்ந்தே போய்விடுகிறது. கதவில்லாத வீடு மாதிரி.

இந்தச் சத்திரசிகிச்சைக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1879இல் பாரிஸில் பெயான் என்பவரும் 1880இல் போலந்துக்காரரான ரிடிகியர் என்பவரும் செய்து பார்த்தார்கள், இருவருடைய நோயாளிகளும் பிழைக்கவில்லை. 1881 ஜனவரி 29ஆம் திகதி வியன்னாவில் தியோடர் பில்ரோத் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 43 வயதுப் பெண் ஒருவரின் இரைப்பையில் இருந்து புற்றை வெட்டி எடுத்து, மிச்சத்தை நேரடியாக முன்சிறுகுடலுடன் தைத்தார். அந்தப் பெண் எழுந்து நடந்தார், சாப்பிட்டார். ஆனால் நோய் ஏற்கனவே பரவியிருந்ததால் சுமார் நான்கு மாதங்களில் இறந்துபோனார். ஆனாலும் இரைப்பையை வெட்டிய பிறகும் மனிதர் சாப்பிட்டு வாழலாம் என்று அவர்தான் உலகுக்குக் காட்டினார். (பில்ரோத் இசைப்பித்தர். இசைமேதை பிராம்ஸ் அவருடைய நெருங்கிய நண்பர், தன் ஆக்கங்கள் இரண்டை அவருக்கே காணிக்கை ஆக்கியிருக்கிறார்.) 1885இல் பில்ரோத் வேறொரு முறையைச் செய்தார். முன்சிறுகுடலின் வாயை மூடித் தைத்துவிட்டு, கீழே உள்ள சிறுகுடலின் ஒரு வளையத்தை மேலே இழுத்து இரைப்பையுடன் பொருத்தினார். இன்றும் ரிப்போர்ட்டுகளில் பில்ரோத் ஒன்று, பில்ரோத் இரண்டு என்று எழுதுவது இவற்றைத்தான்.

இரண்டாவது முறையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பித்தமும் சதையிச் சாறும் மூடிய பக்கத்தில் இருந்து வளையம் வழியாக வந்து, மிச்ச இரைப்பையின் வாசலைக் கடந்துதான் கீழே போகவேண்டும். வாசலில் கதவு இல்லை. ஆகவே ஒரு பகுதி உள்ளே போய்த் தேங்குகிறது. எண்டொஸ்கோப்பியில் இதைப் பார்த்தால் மறக்க முடியாது. ஆரோக்கியமான இரைப்பை இளஞ்சிவப்பாக இருக்கும். இந்த மிச்ச இரைப்பைகளில் மஞ்சள் பச்சைக் குளம் ஒன்று நிற்கும், அதை உறிஞ்சி எடுத்த பிறகு அடியில் சுவர் செக்கச்செவேல் என்று வீங்கிப் போய்த் தெரியும், பொருத்திய இடத்தைச் சுற்றி இன்னும் கூடுதலாக. பித்த உப்புகள் சுவரின் சளிப்படலத்தைக் கரைக்கின்றன. அதோடு பித்தநீரில் உள்ள லெசித்தின் என்ற பொருளைச் சதையிச் சாறு இன்னும் காரமான ஒரு பொருளாக மாற்றிவிடுகிறது. இரண்டும் சேர்ந்துதான் அந்த எரிவு.

இதைத் தடுக்க வழி கண்டவர் சுவிற்சர்லாந்தின் லொசான் நகரில் இருந்த சேசார் ரூ. 1890களில் அவர் குடலை ஆங்கில 'வை' எழுத்து வடிவத்தில் பொருத்தினார். சாப்பாடு ஒரு கையால் வரும். பித்தம் மறு கையால் வரும். இரண்டும் கீழே, 40 முதல் 60 சென்ரிமீற்றர் தள்ளிச் சந்திக்கும். அவ்வளவு தூரம் பித்தம் மேலே ஏறுவது கடினம். அப்படியானால் எல்லோருக்கும் இதையே செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம்தான், ஆனால் சிலருக்கு அந்த நீண்ட கை சோம்பேறியாகிச் சாப்பாடு தேங்கும். பின்னாளில் பித்தக்குழாயில் கல் வந்தால் எண்டொஸ்கோப்பிக் குழாயை அங்கே கொண்டுபோவது பெரும்பாடு. அதனால்தான் யப்பானில் பல நிபுணர்கள் நீண்டகாலம் பில்ரோத் ஒன்றை விரும்பினார்கள். எந்த முறை என்பது புற்று எங்கே இருந்தது, எவ்வளவு வெட்டவேண்டி வந்தது என்பதைப் பொறுத்தது. உங்களுக்கோ உங்கள் உறவினருக்கோ எந்த முறையில் பொருத்தினார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து வேறொரு மருத்துவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

இனிக் கிருமி. ஹெலிகோபக்ரர் பைலோரி என்ற இந்தப் பக்ரீரியாவைக் கண்டுபிடித்தது எங்கள் பேர்த் நகரில் என்பதில் இந்த நாட்டவர்களுக்கு ஒரு பெருமை உண்டு, எனக்கும்தான். ரோயல் பேர்த் வைத்தியசாலையில் நோயியல் நிபுணராக இருந்த றொபின் வொரன் 1979இல் இரைப்பைத் துண்டுகளை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது சுருள் சுருளாகக் கிருமிகளைக் கண்டார். அமிலத்தில் கிருமி வாழாது என்பதுதான் அன்றைய பாடம், ஆகவே அவர் சொன்னதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. இளம் மருத்துவர் பரி மார்ஷல் அவரோடு சேர்ந்தார். கிருமியை வளர்த்துப் பார்க்க முயன்றார்கள், வளரவில்லை. ஆய்வுகூடத்தில் இரண்டு நாளில் தட்டுகளை வீசிவிடுவது வழக்கம். 1982இல் ஈஸ்டர் நீண்ட விடுமுறை வந்தது. தட்டுகளை வீச ஆளில்லை. விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது! 1984இல் மார்ஷல் கிருமிக் கரைசலைத் தானே குடித்து, சில நாட்களில் சத்தி எடுத்து, தன் இரைப்பை அழன்றிருப்பதைக் குழாய்விட்டுப் பார்த்து உறுதிசெய்தார். 2005இல் இருவருக்கும் நொபெல் பரிசு கிடைத்தது. வொரன் 2024இல் காலமானார்.

இந்தக் கிருமி யூரியாவை உடைத்து அமோனியாவை உண்டாக்கித் தன்னைச் சுற்றி அமிலத்தைத் தணித்துக்கொண்டு வாழ்கிறது. பெரும்பாலும் சிறுவயதிலேயே தொற்றிவிடும், வைத்தியம் செய்யாவிட்டால் ஆயுள் முழுக்க இருக்கும். உலக மக்களில் ஏறத்தாழ பாதிப்பேரிடம் இது உண்டு. அவர்களில் மிகச் சிலருக்கே புற்று வருகிறது. ஆனாலும் 1994இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இதைப் புகையிலை இருக்கும் அதே முதலாம் வகையில் சேர்த்துவிட்டது. யப்பானில் 1,526 பேரைச் சராசரியாக எட்டு வருடம் அளவில் பின்தொடர்ந்து 2001இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கிருமி இருந்த 1,246 பேரில் 36 பேருக்குப் புற்று வந்தது. கிருமி இல்லாத 280 பேரில் ஒருவருக்கும் வரவில்லை.

அந்த நேயரின் முதல் கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது. கிருமி எங்கிருந்தும் புதிதாக வரவில்லை. வெட்டுவதற்கு முன்பே முழு இரைப்பையிலும் இருந்திருக்கும். கத்தி கீழ்ப்பகுதியைத்தான் எடுத்தது, மேலே மிஞ்சிய பகுதியில் குடியிருந்தவை அப்படியே இருக்கின்றன.

ஆனால் இதில் ஒரு விசித்திரம் உண்டு. பைலோரிக்குப் பித்தம் ஆகாது. பித்தம் அதிகம் ஏறுகிற மிச்ச இரைப்பைகளில் இந்தக் கிருமி சராசரியாகக் குறைவாகவே காணப்படுகிறது. சிலரில் மருந்தில்லாமலே மறைந்தும் விடுகிறது. ரூ முறையில் பித்தத்தைத் திருப்பிவிட்டவர்களில் கூடுதலாகத் தங்கிவிடுகிறது. ஆகா, பித்தம் ஒரு நன்மை செய்கிறதே என்று மகிழ வேண்டாம். பைலோரி போன இடம் காலியாக இருப்பதில்லை. இரைப்பையின் கீழ்ப்பகுதியில்தான் அமிலத்தைச் சுரக்கச் சொல்லும் காஸ்ரின் என்ற ஹோர்மோன் உற்பத்தியாகிறது. அதை வெட்டினால் அமிலம் குறையும். அமிலம் குறைந்த இரைப்பை காவல்காரன் இல்லாத சந்தை. வாயில் இருந்தும் குடலில் இருந்தும் வேறு பக்ரீரியாக்கள் வந்து குடியேறுகின்றன. அவற்றில் சில, சாப்பாட்டில் உள்ள நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றும். அதில் இருந்து புற்றைத் தூண்டக்கூடிய நைதரசன் சேர்வைகள் உண்டாகலாம். இன்னும் சில, பித்த உப்புகளையே உடைத்து முன்னையதைவிடக் கொடியவையாக மாற்றிவிடுகின்றன. பித்தமும் கிருமியும் தனித்தனி எதிரிகள் என்று நினைத்திருந்தோம். வெட்டிய இரைப்பையில் அவை கூட்டுச் சேர்கின்றன என்பதுதான் விளங்கியிருக்கிறது. எலிகளில் சத்திரசிகிச்சை மூலம் குடல்நீரை இரைப்பைக்குள் ஏறவிட்டபோது, வேறு எந்த நச்சுப்பொருளும் கொடுக்காமலே புற்று உண்டானதாக யப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். எலி மனிதரல்ல. ஆனாலும் அதைத் தள்ளிவிட முடியாது.

மிச்ச இரைப்பையில் புதிதாகப் புற்று வரலாம் என்பதை அமெரிக்காவில் பல்போர் என்ற நிபுணர் 1922இலேயே எழுதினார். அவர் பார்த்தவர்கள் புற்றுக்காக வெட்டியவர்கள் அல்லர். குடற்புண்ணுக்காக, அதாவது அல்சருக்காக வெட்டியவர்கள். இந்த இடத்தில் என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

பைலோரி கண்டுபிடிக்கப்படும் வரை அல்சர் வந்த பலருக்கு வைத்தியம் கத்தியாகவே இருந்தது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் எழுபதுகளில், எண்பதுகளில் எத்தனையோ பேருக்கு இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டியோ, வெட்டாமல் குடலை இரைப்பையோடு பொருத்தியோ அனுப்பினார்கள். சித்தப்பாவுக்கு 1974இல், 28 வயதில் வெட்டினார்கள். பிறகு பிள்ளை குட்டி, யுத்தம், இடப்பெயர்வு, இந்த நாட்டுக்கு வருகை. வயிற்றின் நடுவில் நீளமாக ஒரு தழும்பு மட்டும் மிச்சம். இங்கே வந்து பல வருடம் கழித்து விடியற்காலையில் கசப்பாகச் சத்தி எடுக்கத் தொடங்கினார். குடும்ப மருத்துவர் அமிலத்தைக் குறைக்கும் குளிசை கொடுத்தார். கேட்கவில்லை. அளவைக் கூட்டினார். அப்போதும் கேட்கவில்லை. நான் போய்ப் பார்த்தபோது சித்தப்பா சிரித்துக்கொண்டு சொன்னார்: "பிள்ளை, இது பித்தம். தேசிக்காய்த் தண்ணி குடிச்சால் அடங்கும். டொக்டருக்கு இது விளங்காது." தழும்பைப் பற்றி மருத்துவரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். "அது சின்ன ஒப்பரேஷன், அது எப்பவோ முடிஞ்ச கதை" என்றார். மருத்துவரும் சட்டையைத் தூக்கிப் பார்க்கவில்லை. இருவர் மீதும் எனக்குக் கோபம் வந்தது. அதைவிட என் மீதே கூடுதலாக. தினமும் இதே வேலை செய்த நான், என் வீட்டுத் தழும்பைப் பற்றி அதுவரை கேட்கவே இல்லை.

2016இல் எண்டொஸ்கோப்பி செய்தார்கள். பித்தக்குளம். பொருத்திய இடத்தின் ஓரத்தில், விரல் நகத்தளவில் சற்றுத் தடித்த ஒரு பகுதி. பயொப்சியில் புற்று என்று வந்தது. ஆரம்ப நிலை. வெட்டி 42 வருடம்!

அல்சருக்காக வெட்டியவர்களில் இந்த ஆபத்து 15, 20 வருடங்களுக்குப் பிறகுதான் கூடத் தொடங்குகிறது. பில்ரோத் இரண்டு முறையில் பொருத்தியவர்களில் இது கூடுதல் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. புற்றுக்காக வெட்டியவர்களில் இதைவிடக் குறுகிய காலத்திலேயே வரலாம். ஏனென்றால் அவர்களின் மிச்ச இரைப்பை ஏற்கனவே கிருமியால் பல வருடம் அழன்று, மெலிந்து, பாதி தூரம் நடந்து வந்த சுவர். பயப்படுத்த இதைச் சொல்லவில்லை. இரைப்பைப் புற்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் மிச்ச இரைப்பையில் வருவது நூற்றில் சிலதான்.

மிச்சப் பகுதியில் உள்ள கிருமியை அழித்தால் பயன் உண்டா? உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. யப்பானில் எண்டொஸ்கோப்பி மூலம் ஆரம்பநிலைப் புற்றை அகற்றிய 544 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். கிருமியை அழித்த 272 பேரில் மூன்று வருடத்துக்குள் 9 பேருக்கும், அழிக்காத 272 பேரில் 24 பேருக்கும் புதிய புற்று வந்தது. இது 2008இல் வெளியானது. 2018இல் கொரியாவில் இருந்து வந்த ஆய்விலும் 13.4 வீதம் 7.2 வீதமாகக் குறைந்தது. இவர்கள் இரைப்பையை வெட்டாமல் சுவரின் மேற்படையை மட்டும் அகற்றியவர்கள் என்பதை மறக்கக்கூடாது. வெட்டியவர்களுக்கு இவ்வளவு துல்லியமான எண் இல்லை. ஆனாலும் மிச்ச இரைப்பையில் கிருமி இருந்தால் அழிக்கும்படிதான் சர்வதேச வழிகாட்டல்கள் சொல்கின்றன. இரண்டு நுண்ணுயிர்கொல்லிகளும் அமிலம் குறைக்கும் மருந்தும் பெரும்பாலும் 14 நாட்களுக்குக் கொடுப்பார்கள், சிலருக்குப் பிஸ்மத்தும் சேரும். வாய் கசக்கும், வயிறு இளகும். இடையில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும். முடிந்த பிறகு கிருமி போய்விட்டதா என்று பார்க்கும் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள், நான் கண்டவர்களில் பாதிப்பேர் அதற்கு வருவதே இல்லை.

அந்தப் பரிசோதனையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வழக்கமாக ஒரு குளிசையையோ பானத்தையோ தந்து மூச்சை ஊதச் சொல்வார்கள். கிருமி யூரியாவை உடைப்பதை வைத்துக் கண்டுபிடிக்கும் முறை அது. வாசல் இல்லாத இரைப்பையில் அந்தப் பானம் நிற்காமல் ஓடிவிடும். ஆகவே கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். வெட்டியவர்களுக்குக் குழாய்விட்டு, பொருத்திய இடத்தில் மட்டுமல்லாமல் மேல்பகுதியிலும் துண்டு எடுத்துப் பார்ப்பதே நம்பகமானது. எந்த முறையானாலும் அமிலம் குறைக்கும் குளிசையை இரண்டு வாரத்துக்கு முன்னரும், நுண்ணுயிர்கொல்லியை நான்கு வாரத்துக்கு முன்னரும் மருத்துவரைக் கேட்டு நிறுத்தியிருக்க வேண்டும்.

பித்தச் சத்திக்கு வருவோம். அமிலக் குளிசை பித்தத்தை நிறுத்தாது. சித்தப்பாவுக்குக் கேட்காததன் காரணம் அதுதான். சுவரைப் பூசிப் பாதுகாக்கும் சுக்ரல்ஃபேற், பித்த உப்பைப் பிடித்துக்கொள்ளும் கொலஸ்ரிரமின், பித்தத்தின் காரத்தைத் தணிக்கும் உர்சோடியொக்சிகோலிக் அமிலம் என்று சில மருந்துகள் உண்டு. ஒருவருக்குப் பிடிப்பது மற்றவருக்குப் பிடிக்காது. கொலஸ்ரிரமின் மற்ற மருந்துகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், ஆகவே நேரம் தள்ளி எடுக்கவேண்டும். இரவுச் சாப்பாட்டைப் படுக்கைக்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்து, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திப் படுத்தால் விடியற்காலைச் சத்தி பலருக்குக் குறையும். தலையணையை அடுக்குவது போதாது, வயிறுதான் மடங்கும். எதற்கும் அடங்காவிட்டால் ரூ முறைக்கு மாற்றித் தைக்கலாம். சாப்பாட்டையும் புட்டு, சோறு என்று ஒரே தட்டில் குவிக்காமல் ஆறு தடவையாகப் பிரிக்கவேண்டும். பி12 அளவையும் இரும்புச்சத்தையும் வருடம் ஒருமுறையாவது பார்க்கவேண்டும். பி12 உடலில் சேமிப்பில் இருப்பதால் குறைபாடு தெரியவர சில வருடங்கள் எடுக்கும், கால் விறைத்த பிறகுதான் பலருக்கு நினைவு வருகிறது.

அந்த நேயரின் கடைசிக் கேள்விக்கு நான் சொன்னது இதுதான். "அண்ணை, பச்சையாய்ச் சத்தி வாறது குழாய் பொருத்தின விதத்தாலை. அது கான்சர் திரும்பினதுக்கு அடையாளம் இல்லை. ஆனால் உடம்பு மெலிஞ்சால், சாப்பாடு விழுங்கேக்கை அடைச்சால், மலம் கறுப்பாய்ப் போனால், இரத்தச்சோகை வந்தால், அடுத்த தவணை வரை காத்திருக்காதேங்கோ, உடனை போங்கோ. கிருமிக்கு மருந்து தருவினம், அதை முழுதாய் எடுக்கச் சொல்லுங்கோ." அவர் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். பேனை தாளில் உரசுவது தொலைபேசியில் கேட்டது. இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்தார். மருந்து தொடங்கியாயிற்று, எண்டொஸ்கோப்பியில் புதிதாக ஒன்றும் இல்லை என்று சொன்னார்களாம்.

சித்தப்பாவுக்கு மிச்ச இரைப்பையையும் எடுத்து, உணவுக்குழாயை ரூ முறையில் குடலோடு பொருத்தினார்கள். இரைப்பையே இல்லாமல் அவர் இப்போது ஒன்பதாவது வருடத்தைத் தாண்டிவிட்டார். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பி12 ஊசி. பச்சைச் சத்தி அன்றோடு நின்றது. தேசிக்காய்த் தண்ணீரை மட்டும் விடவில்லை. இப்போது புதிய மருத்துவர் யாரைக் கண்டாலும், அவர் கேட்பதற்கு முன்பே சட்டையைத் தூக்கி இரண்டு தழும்பையும் காட்டுகிறார். சித்திக்கு அதில்தான் வெட்கம்.